சொல்லாமல் கொடுத்த டீச்சர்

தமிழில் 'சொல்லிக்கொடுப்பது' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. படிப்பு என்றால் அதுதான் என்று நானும் நம்பியிருந்தேன். தெரிந்தவர் சொல்ல வேண்டும், தெரியாதவர் வாங்கிக்கொள்ள வேண்டும். மலையாளத்து ஊரான கரமனையில் என் மகளுக்கு இங்கிலீஷ் வாசிக்கப் பழக்கிய டீச்சரிடம் இந்தக் கணக்கு செல்லவில்லை. அவர் கொடுப்பார். சொல்லத்தான் மாட்டார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. பிள்ளைகள் டீச்சர் என்றார்கள், நாங்களும் டீச்சர் என்றோம், அந்தக் கட்டடத்து வாட்ச்மேனும் டீச்சர் என்றே கூப்பிட்டார். கேட்க யாருக்கும் தோன்றவில்லை. என் போனில் இன்றும் 'டீச்சர் கரமனை' என்றுதான் இருக்கிறது. ஆனால் அடித்தால் அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொல்கிறது. அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த என் மகள் பேச்சி இன்று ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் இங்கிலீஷ் பேப்பரை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறாள். அப்போதெல்லாம் எனக்கு டீச்சரைப் பார்த்தே ஆகவேண்டும் போல இருக்கும்.

டியூஷன் நடந்த இடம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் பார்க்கிங். டீச்சருக்குக் கார் கிடையாது. ஆனால் ஃப்ளாட்டோடு சேர்த்துக் காருக்கான இடமும் அவர் தலையில் கட்டப்பட்டிருந்தது. தரையில் இரண்டு மஞ்சள் கோடுகள். அவற்றுக்கு நடுவே ஒரு பாய், பாயில் ஏழெட்டுப் பிள்ளைகள். எல்லாருமே எங்களைப் போலத் தெற்குத் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். ஹோட்டல், ஜவுளிக்கடை, கட்டட வேலை. மாலை ஐந்தரைக்கு லிஃப்ட் திறக்கும், டீச்சர் சாக்பீஸ் டப்பாவோடு பேசிக்கொண்டே வெளியே வருவார். வாட்ச்மேனிடம் மழை, என்னிடம் சாம்பார், பிள்ளைகளிடம் நேற்று ஃப்ளாட்டுக்குள் வந்த பூனை என்று அவர் பேச்சு நிற்காது. முன்பு ஏதோ கம்பெனியில் போனில் பேசுகிற ஜோலி பார்த்தாராம். "அங்கே கொஞ்சம் சும்மா இருந்தாக்கூட மேலே இருந்து ஒருத்தன் கேப்பான், ஏன் பேசலைன்னு. அதாக்கும் எனக்கு மதியாச்சு, போதும்னு விட்டுட்டேன்" என்பார். அவ்வளவு பேசுகிறவர், ஒரு பிள்ளை ஒரு வார்த்தையின் முன்னால் தடுக்கி நின்றுவிட்டால் போதும், வாயைப் பூட்டிக்கொள்வார்.

நான் கிழக்கேகோட்டையில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சைவ ஹோட்டலில் பில் போடுகிறவன். வாடிக்கையாளர் "ரெண்டு மசா" என்னும்போதே எனக்கு பில் அடித்து முடிந்திருக்கும். அடுத்தவர் ஆரம்பித்ததை முடித்துக்கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. முதல் நாள் பேச்சி 'சன்' என்ற சூரியன் வார்த்தையின் முன்னால் "ஸ்... ஸ்..." என்று நின்றாள். பின்னால் நின்ற நான் வழக்கம்போல "சன், சன்" என்றேன். டீச்சர் திரும்பினார்.

"நீங்க இப்போ என்ன பண்ணினேள்?"

"சொல்லிக் குடுத்தேன் டீச்சர்."

"அவ வாயில அது வந்துண்டிருந்தது. நீங்க எடுத்துண்டுட்டேள். இனிமே அப்பாமாரெல்லாம் அந்த மஞ்சக் கோட்டுக்கு அந்தண்டை நிக்கணும், கேட்டேளா?"

நின்றேன். எனக்கு வேறு வழியில்லை. பேச்சியைத் தென்காசியிலிருந்து கூட்டிவந்து ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊரில் அ, ஆ படித்துக்கொண்டிருந்தவள். இங்கே வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், புத்தகத்தில் இங்கிலீஷ். மார்ச் மாதம் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, ஒரு பக்கம்கூட வாசிக்கத் தெரியாதவளை இரண்டாம் வகுப்புக்கு அனுப்ப முடியாது என்றார். மே கடைசியில் கூட்டி வாருங்கள், வாசித்தால் இரண்டு, இல்லையென்றால் மறுபடி ஒன்று. இதைக் கேட்டதும் ஊரிலிருந்து என் மைத்துனர் போன் மேல் போன் போட்டார். மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்து எதற்குப் பிள்ளையை வதைக்க வேண்டும், தாயையும் மகளையும் ஊருக்கே அனுப்பு, தமிழ்ப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்றார். நியாயமாகத்தான் பேசினார். ஆனால் அனுப்பினால் நான் மறுபடி ஹோட்டல் மாடியில், சமையல் மாஸ்டர்களோடும் சப்ளையர்களோடும் ஒரே அறையில் படுக்கப் போக வேண்டும். பல வருஷம் அப்படி இருந்துவிட்டுத்தான் இவர்களைக் கூட்டி வந்திருந்தேன். ஒரு பக்க இங்கிலீஷில் என் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே கோட்டுக்கு அந்தண்டை நின்று டீச்சரின் மௌனத்தைப் பார்த்தேன். அதைப் பொறுமை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொறுமைசாலிகள் அமைதியாக இருப்பார்கள். டீச்சர் துப்பட்டாவின் நுனியை மெல்லுவார். அவருடைய துப்பட்டாக்கள் எல்லாவற்றிலும் ஒரு மூலை நைந்துபோயிருக்கும். செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கி நிமிரும். கண் மட்டும் பிள்ளையின் உதட்டை விட்டு நகராது. அந்தப் பார்க்கிங்கில் ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு மாட்டியிருந்தார்கள். டீச்சர் காத்திருந்தால் பிள்ளைகளும் அசையமாட்டார்கள், கோட்டுக்கு வெளியே நாங்களும் அசையமாட்டோம். சட்டென்று விளக்கு அணைந்துவிடும். வாட்ச்மேன் எழுந்து இரண்டு கையையும் ஆட்டுவார், மறுபடி எரியும். நாளடைவில் அது அவருடைய வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

ஒரு நாள் ஒரு கொத்தனாரின் மகன் 'டிரம்' என்ற வார்த்தையில் மாட்டிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து பக்கத்து இடத்துக்காரர் காரோடு வந்துவிட்டார். பாயைக் கொஞ்சம் சுருட்டினால்தான் அவர் கார் உள்ளே போகும். டீச்சர் திரும்பக்கூட இல்லை, கையை மட்டும் தூக்கிக் காட்டினார். அவர் ஒரு ஹாரன் அடித்தார். பிள்ளைகளில் ஒருவரும் திரும்பவில்லை. அவர் எஞ்சினை நிறுத்தி, சண்டைக்கென்றே இறங்கி வந்தார். வந்தவர் பையனின் வாயைப் பார்த்தார். நின்றுவிட்டார். விளக்கு அணைந்தது. அவருடைய கார் வெளிச்சத்தில் பையன், "ட்... ர்... ட்ரு... ட்ரும்" என்றான். அப்படி ஒரு சாமான் உலகத்தில் இல்லையே என்று யோசித்தான். "ட்ரம். டிரம்மு" என்று துள்ளினான். "ஹாவூ" என்று பெருமூச்சு விட்டது கார்க்காரர்தான். மறுநாள் அவர் தரையில் சாக்பீஸ் கிறுக்கல் என்று அசோசியேஷனில் புகார் கொடுத்தார், அது வேறு விஷயம். ஆனால் அதன்பின் தினமும் காரை நிறுத்திவிட்டு, "இன்னத்தெ வாக்கு ஏதா டீச்சரே?" என்று அன்றைய வார்த்தையைக் கேட்காமல் லிஃப்டில் ஏறமாட்டார்.

பேச்சிக்கு வந்த கஷ்டம் வேறு மாதிரி. பள்ளிப் புத்தகத்தில் ஒரு பெரிய பன்றி இருந்தது. இங்கிலீஷில் பெரியது என்பதற்கு ஒரு வார்த்தை, பன்றிக்கு ஒரு வார்த்தை. இரண்டையும் நான் இங்கே எழுதினால் 'பிக் பிக்' என்றுதான் எழுத முடியும். எந்தப் பிக் பெரியது, எந்தப் பிக் பன்றி என்று உங்களுக்குத் தெரியாது. எழுதிய எனக்கே தெரியாது. மலையாளத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. அதனால் பேச்சி வாசித்ததைக் கேட்டுப் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். பன்றிப் பன்றி என்று படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, இனி ப வருகிற எதையும் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

டீச்சர் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இங்கே வா. தொண்டையில கை வை. உள்ளே ஒரு வண்டு இருக்கு, தெரியுமோ? வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே வண்டு பறந்துதுன்னா அது பெரிசு. வாயைத் திறந்தப்புறம் பறந்தா அது பன்னி."

பேச்சி தொண்டையில் கை வைத்து உதட்டை மூடிக்கொண்டு உறுமினாள். கண் அகலமானது. "அப்பா, பறக்குது" என்றாள். பாயிலிருந்த எல்லாப் பிள்ளைகளும் தங்கள் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும்தான். ஐம்பது வயதை நெருங்கும்போது என் தொண்டையில் ஒரு வண்டு இருப்பது எனக்குத் தெரியவந்தது. அன்றிரவு பில் கவுண்டரில் நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பிக், பிக் என்று முனகியதைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர் காசைக் கொடுத்துவிட்டு வேகமாக வெளியேறினார்.

சில வார்த்தைகளை டீச்சர் உடனே சொல்லிவிடுவார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எழுத்து ஒன்றும் ஓசை வேறொன்றுமாக இருக்கிற வார்த்தைகள் இங்கிலீஷில் நிறைய. அவற்றுக்கு டீச்சர் வைத்த பெயர் கள்ளன். "இவன் கள்ளன், இவன்கிட்ட நியாயம் பேசப்டாது. பாத்து வெச்சுக்கோ, அடுத்த தடவை பிடிச்சுடலாம்" என்று வார்த்தையைச் சொல்லி நகர்ந்துவிடுவார். பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்ததுமே முதலில் கள்ளன்களை எண்ணுவார்கள்.

அப்படியிருந்தும் ஒரு நாள் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. 'ஹேண்ட்' என்ற வார்த்தை, கை. பேச்சி அதன் முன்னால் நின்றாள். விளக்கு அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. பேச்சி அழ ஆரம்பித்தாள். டீச்சர் அப்போதும் துப்பட்டாவை மென்றுகொண்டு நின்றார். நான் கோட்டைத் தாண்டினேன்.

"போதும் டீச்சர். பிள்ளை அழுதா, நீங்க பாட்டுக்குப் பாத்துக்கிட்டு நிக்கீங்க. ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சா போவும்? நீங்க டீச்சரா, கல்லா?"

டீச்சர் என்னைப் பார்க்காமல் பேச்சியின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"இதுல அவளுக்குத் தெரியாத எழுத்து ஒண்ணு இருந்தாக்கூட நான் அப்பவே சொல்லியிருப்பேன். நாலும் அவளுக்குத் தெரியும். தெரிஞ்சதை வெச்சுண்டு நிக்கறவகிட்டே போய்ச் சொன்னா அது கொடுக்கறது இல்லை கேட்டேளா, பிடுங்கறதாக்கும்."

எனக்குக் கோபம் அடங்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். குழந்தை அழும்போதும் வாய் திறக்காத ஒரு ஆளை எப்படி நம்புவது என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன். மறுநாள் மாலை டியூஷனுக்கு அனுப்பவில்லை. ஊருக்குக் கொண்டுபோக வேண்டியதையும் இங்கே விட்டுப்போக வேண்டியதையும் என் மனைவி கண்ணால் பிரித்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

அதற்கு அடுத்த காலை. அடுப்படியில் பால் பாக்கெட்டைக் கத்தரிக்கப் போன மனைவியின் கையைப் பேச்சி பிடித்துக்கொண்டாள். பாக்கெட்டில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளில் விரலை வைத்தாள். "ம்..." என்றாள். எனக்கு நாக்கு துடித்தது. நான் "மி" என்று ஆரம்பிக்கும் முன்பே அவளுடைய இன்னொரு கை என் வாயில் வந்து விழுந்தது. "அப்பா, மிண்டல்லே." பேசாதே என்று மலையாளத்தில் அதட்டல். "ம்... இ... ல்... மில்... க். மில்க். அம்மா, மில்க்கு. இது பால்னு போட்டிருக்கு."

ஐயா, அந்தக் காலையை நான் என்னவென்று எழுதுவேன். டீச்சரின் பாய்க்கு வெளியே, யாரும் சொல்லாமல் என் மகள் வாசித்த முதல் வார்த்தை அது. பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு லைன் வீட்டில் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று காட்டப் போனேன், அவர்கள் பால் பாக்கெட்டையே பார்த்திராதவர்கள் போல. மனைவி சிரித்துக்கொண்டே, டீ வேண்டுமா வேண்டாமா என்று வாசலில் நின்று கேட்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று சரியாகச் சொல்ல முடியாது. நான் அழுதேன், அது நிச்சயம்.

அன்று மாலை பேச்சியோடு போய்க் கோட்டுக்கு வெளியே நின்றேன். மன்னிப்பு மாதிரி ஏதோ யோசித்து வைத்திருந்தேன். டீச்சர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பேச்சியின் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார். "எந்த வார்த்தை?"

மே கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வெளியே நல்ல மழை. ஹெட்மிஸ்ட்ரஸ் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். என்னைப் போல என்று சொல்லலாம். நாங்கள் கண்ணால் கண்டிராத ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் திறந்து, "வாயிக்கு மோளே" என்று வாசிக்கச் சொன்னார். அந்த அறையில் மஞ்சள் கோடு இல்லை. என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பேச்சி வாசித்தாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. 'பஸ்' வந்ததும் தொண்டையில் கை வைத்துக்கொண்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் பதறி, தொண்டை வலிக்கிறதா என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார். பேச்சி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, வண்டு பறந்ததும் திருப்தியாக அடுத்த வார்த்தைக்குப் போனாள். கள்ளன்களைக் கண்டதும் அடையாளம் தெரிந்தவள் போல ஒரு சின்னச் சிரிப்பு. கடைசி வரி. அதில் ஐந்து எழுத்தில் ஒரு வார்த்தை. எட்டிப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஹோட்டல்.

பேச்சி அதில் நின்றுவிட்டாள். நான் தினமும் போய் வருகிற இடம், எங்களுக்குச் சோறு போடுகிற வார்த்தை, அவள் முன்னால் கிடக்கிறது. எனக்கு அது தொண்டை வரை வந்து முட்டுகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஊர், மைத்துனர், ஹோட்டல் மாடி அறை எல்லாம் கண்முன் வந்து போயின. ஹெட்மிஸ்ட்ரஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பாவம் பார்த்து உதவி செய்யக் குனிந்தார். "ஹோ..." என்று அவர் வாயைத் திறந்ததும் பேச்சி கையைத் தூக்கினாள்.

"டீச்சரே, மிண்டல்லே."

எனக்கு உயிர் போய் வந்தது. எங்கள் ஹோட்டலில் ஒரு சப்ளையர் முதலாளியைப் பார்த்து இப்படிச் சொன்னால் அன்றைக்கே கணக்கு முடிந்துவிடும். ஹெட்மிஸ்ட்ரஸ் திறந்த வாயோடு அப்படியே இருந்தார். பேச்சி யாரையும் பார்க்கவில்லை.

"ஹாட்..." என்றாள். "ஹாட்... எல். ஹாட்டெல்." முகத்தைச் சுளித்தாள். மறுபடி முதல் எழுத்துக்குப் போனாள். "ஹாட்டெல். ஹோ..." பிறகு வாசிப்பை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, ஹோட்டல். இது நம்ம ஹோட்டல்."

எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். வராந்தாவில் சாரல் அடித்தது, நாங்கள் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் தானே வெளியே வந்தார். இரண்டாம் வகுப்பில் உட்காரட்டும் என்று மலையாளத்தில் சொன்னார். பெரியவர்களைப் பார்த்து மிண்டல்லே என்று சொல்ல இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்றும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

"யாரும் சொல்லிக் குடுக்கல டீச்சர்" என்றேன். அது சத்தியமான பதில்.

அன்று ஐந்தரைக்கு நாங்கள் மூன்று பேருமே பார்க்கிங்குக்குப் போனோம், மனைவியும் வந்தாள். லிஃப்ட் திறந்தது. டீச்சர் அன்றைக்குப் பேசிக்கொண்டு வரவில்லை. எங்களைப் பார்த்தார். கேட்கவில்லை. என் வாய் திறப்பதற்குள் கையைக் காட்டினார். "நீங்க சொல்லப்டாது. அவ சொல்லட்டும்."

பேச்சி டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள். "நான் சொல்ல மாட்டேன். எழுதுவேன். டீச்சர்தான் வாசிக்கணும்."

சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் குந்தினாள். டீச்சரின் துப்பட்டா நுனி வாய்க்குள் போய்விட்டது. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். பேச்சி பெரிய எழுத்தாக ஒரு எஸ் போட்டாள். தள்ளி நின்று அழகு பார்த்துவிட்டு ஒரு ஈ போட்டாள். பிறகு, வரக்கூடாத இடத்தில், நிதானமாக ஒரு கே.

"செகண்ட்" என்று கத்திவிட்டார் டீச்சர்.

லிஃப்டுக்குள் இருந்தவர்கள் கதவைத் திறந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினார். கள்ளன் அல்லாத ஒரு வார்த்தையை டீச்சர் முந்திக்கொண்டு சொல்லிப் பிள்ளைகள் அதுவரை கேட்டதே இல்லை. பேச்சி சாக்பீஸோடு நிமிர்ந்தாள். அவளுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"டீச்சர், நான் இன்னும் எழுதி முடிக்கல."

"எழுது, எழுது. நான் மிண்டலை" என்று டீச்சர் அவசரமாக இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் விரல்களின் மேல் வழிந்தது. பேச்சி மீதி எழுத்துகளையும் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கும்வரை அவர் அந்தக் கைகளை எடுக்கவில்லை.